கிராமத்து லாயத்தில் குதிரையை விடப் போகிறவர்களுக்கு

குதிரை வாங்க ஒரு நாள் போதும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் விலை பேசி முடித்து, அன்று மாலையே கயிற்றைக் கையில் வாங்கிவிடலாம். எங்கே கட்டுவது என்ற கேள்விதான் அதற்கப்புறம் வருடக்கணக்கில் கூடவே வரும். நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு வீட்டில் இடம் இருக்காது. அதனால் கோவை, பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களிலும் சென்னைக்கு வெளியே கடற்கரைச் சாலை ஓரத்துப் பண்ணைகளிலும் மாதப் பணம் கட்டி விடுகிறார்கள்.

அங்கே பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது: "நல்லா பாத்துக்கறோம் சார், கவலைப்படாதீங்க." சொல்கிறவர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் நல்லா என்பது எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு, யார் கையால் என்று இருவரும் பேசிக்கொள்வதில்லை. மூன்று மாதம் கழித்து விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் சண்டை வருகிறது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் படிகளும் அந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குவதற்காகத்தான்.

முதலில் எடை

லாயக்காரரைப் பார்க்கப் போகும் முன் உங்கள் குதிரையின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீனி, பூச்சி மருந்து, ஊசி எல்லாமே எடைக் கணக்கில்தான் போகும். எடைமேடை தேவையில்லை. தையல் டேப் பெரும்பாலும் 150 செ.மீ.தான் இருக்கும், குதிரையின் மார்பைச் சுற்ற எட்டாது. ஒரு சணல் கயிற்றால் சுற்றி, அந்தக் கயிற்றை அளந்துகொள்ளுங்கள். முன்னங்கால்களை ஒட்டிப் பின்னால், முதுகில் பிடரி முடியும் மேட்டைச் சேர்த்துச் சுற்றினால் மார்புச் சுற்றளவு. தோளின் முன்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரை நீளம். இரண்டையும் செ.மீ.யில் எழுதி, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, மறுபடி நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 168, நீளம் 147 என்றால் ஏறத்தாழ 349 கிலோ. நம் ஊரில் அதிகம் ஓடும் கத்தியவார், மார்வாரிக் குதிரைகளுக்கு இது சாதாரணமான எடை.

லாயத்தில் விட்ட பிறகும் மாதம் ஒருமுறை, அதே ஆள், அதே இடத்தில் அளக்க வேண்டும். 15 கிலோ இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, கயிற்றுக்குத் தெரியும்.

லாயத்தை எப்படிப் பார்ப்பது

முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒருமுறையும், சொல்லாமல் ஒருமுறையும் போங்கள். இரண்டாவதற்கு மதியம் இரண்டு மணி நல்ல நேரம். தண்ணீர் தீர்ந்திருக்கும், வெயில் உச்சத்தில் இருக்கும், ஆட்கள் ஓய்வில் இருப்பார்கள். குதிரையின் நாளில் மோசமான மணி நேரம் எப்படி இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

ஒரு குதிரைக்குத் தனி அறை 12க்கு 12 அடி. மட்டக் குதிரைக்கு 10க்கு 10 போதும். கூரை உயரமாக, பக்கச் சுவரின் மேல்பாதி திறந்து இருக்க வேண்டும். தகரம் அல்லது சிமெண்ட் ஷீட் போட்டிருந்தால் அதன் மேல் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறார்களா, மரநிழல் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு அறைக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மூச்சை இழுங்கள். குதிரை படுக்கும்போதும் கீழே கிடப்பதைத் தின்னும்போதும் அந்த உயரத்தில்தான் மூச்சு விடுகிறது. அங்கே மூத்திர நெடி கண்ணைக் கரித்தால், நின்றபடி பார்க்கும்போது அறை எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அந்த லாயம் வேண்டாம். அதன் நுரையீரல் அந்த அமோனியாவில்தான் இரவு முழுக்கக் கிடக்கும்.

தரை வெறும் சிமெண்ட் என்றால் வழுக்கும், முழங்கால் தேயும். அடித்து இறுக்கிய மண்தரையோ, ரப்பர் பாயோ இருந்து, அதன் மேல் நான்கைந்து அங்குலத்துக்கு மரத்தூள், காய்ந்த தென்னை நார்க்கழிவு அல்லது வைக்கோல் விரித்திருக்க வேண்டும். நெல் உமி மலிவுதான். பசித்த குதிரை அதையும் தின்னும் என்பதால் புல் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் மட்டும் சரி.

வெளியே வாருங்கள். மேயும் இடத்துக்கு முள்கம்பி வேலியா? மாடு முள்கம்பியைக் கண்டால் ஒதுங்கும். குதிரை மிரண்டால் எதையும் பார்க்காமல் பாயும். மார்பும் கால் நரம்பும் கிழிவது இதில்தான். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) இருக்கும் கிளுவை உயிர்வேலி இதைவிட எவ்வளவோ மேல். முள்கம்பிதான் இருக்கிறது என்றால் அதற்கு உள்பக்கம் நான்கடி தள்ளி மூங்கிலோ சவுக்குக் கழியோ கட்டித் தரச் சொல்லுங்கள். மாட்டைப் போல நீளக் கயிற்றில் முளையடித்து மேய விடும் வழக்கமும் வேண்டாம். கயிறு பின்னங்காலில் சுற்றினால் மாடு நிற்கும். குதிரை இழுத்துக்கொண்டே இருக்கும், குளம்புக்கு மேல் தோல் உரிந்து சதை தெரியும்வரை.

அடுத்தது செடிகள். அரளியைத் தேடுங்கள். வேலி ஓரத்தில், கோயில் பக்கத்தில், வீட்டு வாசலில் அழகுக்கு வைத்திருப்பார்கள். ஒரு பிடி இலை ஒரு குதிரையைக் கொல்லப் போதும். காய்ந்தாலும் விஷம் போகாது. பச்சையாக இருக்கும்போது கசப்பால் ஒதுக்கும் குதிரை, வெட்டிப் போட்டுக் காய்ந்த கிளையைப் புல்லோடு சேர்த்துத் தின்றுவிடும். ஆமணக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி இவற்றையும் பாருங்கள். சேலம், நாமக்கல் பக்கம் என்றால் மரவள்ளி இலை. சீமைக்கருவேலங்காயைக் குதிரை விரும்பித் தின்னும். அளவு மீறினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

அங்கே ஏற்கெனவே இருக்கும் குதிரைகளே உங்களுக்கு நல்ல சாட்சி. விலா கண்ணுக்குத் தெரியக் கூடாது, தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். குளம்பு நீண்டு முன்னால் வளைந்திருக்கிறதா, கண்ணோரம் ஈ மொய்க்கிறதா என்று பாருங்கள். ஆளைக் கண்டதும் காதைப் பின்னுக்குத் தள்ளிச் சுவரோரம் ஒதுங்கினால் அங்கே அடி விழுகிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

கடைசியாகப் பராமரிக்கும் ஆளிடம் தனியாகப் பேசுங்கள். லாய உரிமையாளர் பணம் வாங்குகிறவர். உங்கள் குதிரையின் வாழ்க்கை இவர் கையில் இருக்கிறது. "அண்ணா, ராத்திரி இங்க யாரு படுக்கறாங்க? நீங்க ஊருக்குப் போனா யாரு பாப்பாங்க? மொத்தம் எத்தனை குதிர உங்களுக்கு?" ஓர் ஆளுக்கு நான்கைந்து குதிரைக்கு மேல் இருந்தால் சாணி அள்ளுவதிலேயே நாள் போய்விடும். இரவில் யாரும் படுப்பதில்லை என்றால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், யோசியுங்கள். குதிரைக்கு வயிற்று வலி நள்ளிரவில் வந்தால் விடிகிறவரை யாருக்கும் தெரியாது.

சுழி பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சில லாயங்களில் சுழி சரியில்லாத குதிரையைச் சேர்க்க மாட்டார்கள். அது அவர்கள் நம்பிக்கை; முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் வண்டி வாடகை மிச்சம். ஆனால் குதிரை வாங்கும்போது சுழிக்குச் செலவிடும் அதே அரை மணி நேரத்தைப் பல்லுக்கும் குளம்புக்கும் கட்டாயம் கொடுங்கள்.

தீனிக் கணக்கு

ஒரு நாளைக்கு உலர் எடையில் உடல் எடையின் 2 சதவீதம் என்பது அடிப்படை. 350 கிலோ குதிரைக்கு 7 கிலோ. இதில் புல், தட்டை வகை மட்டுமே உடல் எடையில் 1.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் குடல் சும்மா கிடக்கும், வயிற்றுப் புண் வரும், குதிரை மரத்தையும் கயிற்றையும் கடிக்க ஆரம்பிக்கும்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். "தினம் பத்து கிலோ பச்சை போடறோம்" என்றால் உண்மையில் 2 கிலோதான். 7 கிலோ உலர் எடையில் தானியம், தவிடு ஒன்றே முக்கால் கிலோ போக, மிச்சம் ஐந்தேகால் கிலோவைப் பசும்புல்லாகவே கொடுப்பதென்றால் ஏறத்தாழ 26 கிலோ வேண்டும். பாதிப் பாதி என்றால் பச்சை 13 கிலோ, காய்ந்த சோளத்தட்டையோ காய்ந்த புல்லோ மூன்று கிலோ.

ஒரு கொக்கித் தராசு வாங்கி லாயத்தில் தொங்க விடுங்கள். முதல் நாள் பராமரிப்பவர் வழக்கமாக அள்ளும் ஒரு கட்டைத் தூக்கி மாட்டுங்கள். இரண்டு கை அணைப்பில் அடங்கும் புல்லை எல்லோரும் "பத்துக் கிலோ இருக்கும்" என்பார்கள்; தராசு பெரும்பாலும் வேறொன்றைச் சொல்லும். நாலு நாள் நிறுத்துப் போட்டால் கைக்கு அளவு பழகிவிடும், பிறகு வாரம் ஒருமுறை சரிபார்த்தால் போதும். தானியத்துக்கு அளவு டப்பா வையுங்கள், ஆனால் ஒவ்வொரு தானியத்துக்கும் தனியாக நிறுத்து டப்பாவில் கோடு போட வேண்டும். ஒரு டப்பா கொள்ளும் ஒரு டப்பா தவிடும் எடையில் பக்கத்தில்கூட வராது.

எந்தப் புல் என்பதும் முக்கியம். தோட்டங்களில் எளிதாகக் கிடைப்பது கோ-4, கோ-5 கம்பு நேப்பியர். மாட்டுக்கு அருமையான தீவனம். குதிரைக்கு ஒரு சிக்கல் உண்டு: அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு உடம்பில் சேர விடாது. கொழுக்கட்டைப் புல்லிலும் இது அதிகம். மாட்டின் முன்வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. இதோடு கோதுமைத் தவிட்டை வாளி வாளியாகக் கொடுத்தால் தவிட்டின் மிகுதியான பாஸ்பரஸ் சேர்ந்துகொள்ளும். உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவி எடுக்கும். ஒரு நாள் ஒரு காலில், மறு நாள் வேறு காலில் நொண்டுவது, பிறகு தாடையும் முகஎலும்பும் உப்புவது இதன் அடையாளம். பழைய நாளில் மாவு மில் குதிரைகளுக்கு வந்த நோய் இது. ஆகவே நேப்பியர் மட்டுமே கதி என்று இருக்கும் லாயத்தில் குதிரை மசாலை (லூசர்ன் தீவனப் பயிர்) தினம் 2 கிலோவாவது காய்ந்ததாகச் சேர்த்து, தவிட்டை அரைக் கிலோவுக்குள் நிறுத்தி, கால்நடை மருத்துவரைக் கேட்டுச் சுண்ணாம்புச் சத்தும் தாதுஉப்பும் கொடுங்கள். அருகம்புல் கிடைத்தால் விடாதீர்கள். குதிரைக்கு அதைவிட நல்ல நாட்டுப் புல் இல்லை.

இளஞ்சோளம் வேண்டாம். முழங்கால் உயரத்தில் இருக்கும் பயிரிலும், வாடித் திரும்பத் துளிர்த்ததிலும் சயனைடு ஏறியிருக்கும். முற்றிக் காய்ந்த தட்டை சரி.

கொள்ளு இல்லாமல் குதிரைத் தீனி இல்லை என்பது நம் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கம்தான். ஆனால் பச்சையாக ஊறவைத்து மட்டும் போடுவது வீண். இரவு ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவைத்தால்தான் செரிக்கும். அரைக் கிலோவில் ஆரம்பித்து ஒரு கிலோவோடு நிறுத்துங்கள். ஒரே வேளையில் மொத்தத் தானியமும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது, காலை மாலை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஓடாத நாளில் தானியம் பாதி. ஞாயிறு ஓய்வு, முழுத் தீனி, திங்கள் காலை ஓட்டம் என்றால் பின்தொடைத் தசை கல்லாக இறுகி, மூத்திரம் காப்பி நிறத்தில் வரும். அப்போது ஓரடிகூட நடத்தாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் குதிரைத் தீனி இருக்கும் அறையில் இருக்கவே கூடாது. கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கலக்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் மூளையைக் கரைக்கும். "கோழிக்கு ஆகும்" என்று சொல்லி மூட்டையை மாற்றி வைக்கிற வேலை நடக்கும் தோட்டமென்றால், உங்கள் தீனிக்குப் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்றை நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள்.

உப்பு தினம் 30 கிராம், வியர்த்து ஓடினால் அதைப்போல் இரு மடங்கு. தண்ணீர் 25 லிட்டரிலிருந்து வெயில் காலத்தில் 50 லிட்டர்வரை. தொட்டியை விட வாளி நல்லது. எவ்வளவு குடித்தது என்று தெரியும். எந்தத் தீனியை மாற்றினாலும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக.

எழுதிக்கொள்ள வேண்டியவை

பணத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள். இடம், ஆள்கூலி என்று மாதம் ஒரு நிலையான தொகை. தீனி, அந்த மாதம் வாங்கிய எடைக்கும் விலைக்கும் தனி. எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்பது கேட்க வசதியாக இருக்கும். ஆனால் மார்ச்சிலிருந்து ஜூன்வரை புல் விலை ஏறும்போது அந்த இடைவெளியை யாராவது தாங்க வேண்டும். பெரும்பாலும் குதிரையின் வயிறுதான் தாங்கும்.

முத்திரைத்தாளில் இவை வர வேண்டும்: எத்தனை மணிக்கு என்ன, எத்தனை கிலோ, லாடம், தடுப்பூசி, பூச்சி மருந்து யார் ஏற்பாடு, யார் செலவு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அவிழ்த்து விட வேண்டும் (குறைந்தது நான்கு), யார் யார் ஏறி ஓட்டலாம். கல்யாண ஊர்வலம், திருவிழா, புகைப்படம், வண்டிப் பந்தயம், பொலிக்கு விடுவது எதற்கும் உங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்று தனி வரியாகவே போடுங்கள். நல்ல வெள்ளைக் குதிரை என்றால் முகூர்த்த மாதங்களில் கேட்டு வருவார்கள், லாயக்காரருக்கு மறுப்பது கடினம். எழுத்தில் இருந்தால் அவருக்கும் அது காவல்.

எல்லாவற்றையும் விட முக்கியமான வரி இது, இப்படியே எழுதிக்கொள்ளலாம்:

"குதிரைக்கு அவசரச் சிகிச்சை தேவைப்பட்டு, உரிமையாளரை 15 நிமிடத்துக்குள் தொலைபேசியில் பிடிக்க முடியாவிட்டால், ரூ. ______ வரையிலான செலவுக்கு லாய உரிமையாளரே மருத்துவரை அழைத்துச் சிகிச்சை தொடங்கலாம். அந்தத் தொகையை உரிமையாளர் ஏற்கிறார்."

இந்த வரி இல்லாததால்தான் "உங்களக் கேக்காம எப்படி சார் ஊசி போடச் சொல்றது" என்று மூன்று மணி நேரம் வீணாகிறது.

விலகுவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு இரு பக்கமும் போதும். குதிரையின் நான்கு பக்கப் படம், நெற்றிப் பொட்டு, கால் வெள்ளை, சுழிகளின் இடம் ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். காப்பீடு எடுக்கும்போதும் இதே அடையாளங்களைக் கேட்பார்கள்.

மருத்துவமும் ரத்தப் பரிசோதனையும்

நல்ல லாயம் கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று கேட்கும். கேட்காத லாயத்தைப் பார்த்துத்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றி உயிரை வாங்கும் நோய் அது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள். அரசு கால்நடை மருத்துவர் மூலம் ரத்த மாதிரி கொடுத்துப் பரிசோதிக்கலாம். நாட்டின் தலைமை ஆய்வகம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். முடிவு வர நாளாகும் என்பதால் இடம் மாற்றுவதற்கு முன்பே ஆரம்பியுங்கள்.

டெட்டனஸ் தடுப்பூசி தவறவே கூடாது. குதிரையைப் போல டெட்டனஸுக்குச் சுலபமாக விழும் பிராணி வேறில்லை, லாயமோ ஆணியும் சாணியும் நிறைந்த இடம். முதல்முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடம் ஒன்று. தெருநாய் நடமாடும் ஊரில் வெறிநோய்த் தடுப்பூசியும் வருடா வருடம்.

குடற்புழு மருந்து எடைக்கேற்ப வாய்வழிப் பசையாக. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போட்டால் போட்ட இடம் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. உண்ணிக்கு மாட்டின் மேல் தெளிக்கும் அமிட்ராஸும் வேண்டாம். குதிரையின் குடல் அசைவை அது நிறுத்திவிடும். "மாட்டுக்குப் போடறதுதானே" என்று அன்போடு செய்யும் உதவிகள்தான் லாயத்தில் அதிகம் தீங்கு செய்கின்றன. பராமரிப்பவரிடம் இந்த இரண்டையும் பெயர் சொல்லி விளக்குங்கள்.

பக்கத்துக் கால்நடை மருத்துவருக்கு மாடும் ஆடும் தினசரி வேலை, குதிரை எப்போதாவதுதான். விட்ட முதல் வாரமே குதிரையைக் காட்டி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். மூக்குவழியாக வயிற்றுக்குக் குழாய் விடும் பழக்கம் அவருக்கு உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எது பக்கம், அங்கே கொண்டுபோக எந்த வண்டி, ஓட்டுநர் எண் என்ன என்று எழுதி லாயச் சுவரில் ஒட்டுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962.

வண்டியில் ஏற்றுதல்

1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் குதிரைக்கு என்றே தனி நிபந்தனைகள் சொல்கின்றன. பயணத்துக்கு உடல் தகுதியானது என்ற மருத்துவச் சான்று, வழுக்காத தரை விரிப்பு, குதிரைகளுக்கிடையே குறைந்தது 8 செ.மீ. தடிமனுள்ள மூங்கில், எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதிருக்கத் தலை இடப்புறம் பார்த்து, கூடவே ஓர் ஆள், வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்குள். ஓட்டுநர் முனகுவார், பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் குதிரை நான்கு காலிலும் தன் எடையைத் தாங்கி நிற்கிறது என்று சொல்லுங்கள். கயிற்றை நுனி இழுத்தால் அவிழும் முடிச்சாகவே போடுங்கள். பழைய இடத்துத் தீனியில் நான்கு நாள் அளவைக் கூடவே ஏற்றுங்கள்.

முதல் மூன்று வாரம்

சந்தையிலிருந்து வந்த குதிரை என்றால் 21 நாள் தனியாக, மற்ற குதிரைகளின் மூக்குத் தொடாத தொலைவில் கட்ட வேண்டும். வாளி, தேய்க்கும் பிரஷ், முகக்கயிறு எல்லாம் தனி. காய்ச்சல், மூக்கில் கெட்டிச் சளி, தாடைக்கடியில் வீக்கம் என்று வரும் தொற்று ஒரே வாளித் தண்ணீரில் லாயம் முழுக்கப் பரவும். தினமும் காலையில் ஆசனவாயில் வெப்பமானி வைத்து எழுதுங்கள்: 37.5இலிருந்து 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. இதயத் துடிப்பு தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் ரத்தக்குழாயில் விரல் வைத்தால் கிடைக்கும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44. நன்றாக இருக்கும் நாளின் எண் தெரிந்தால்தான் கெட்ட நாளின் எண் புரியும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, புல், தானியம், எத்தனை வாளி தண்ணீர், எத்தனை முறை லத்தி (சாணம்), வேறு ஏதாவது. பராமரிப்பவருக்கு எழுத வராது என்றால் கோடு போடச் சொல்லுங்கள், அல்லது தினம் இரண்டு குரல் பதிவு. நீங்கள் போகும் நாளில் அந்த நோட்டை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். யாரும் படிக்காத நோட்டு இரண்டே வாரத்தில் நின்றுபோகும்.

குளம்பு

லாடம் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை. மாட்டுக்கு லாடம் அடிப்பவர் எல்லோரும் குதிரைக்கு அடிக்க முடியாது. பிளவுபட்ட குளம்புக்கு இரண்டு துண்டு லாடம் என்பது வேறு வேலை. லாடத்துக்கேற்பக் குளம்பைச் செதுக்குகிறவரைத் தவிருங்கள், குளம்புக்கேற்ப லாடத்தை வளைப்பவரே வேண்டும். ஆணி உயிர்ப்பகுதியைத் தொட்டால் அன்றோ இரண்டு நாளிலோ நொண்டும், குளம்பு சுடும்.

தினமும் காலைத் தூக்கி அடிப்பகுதியைச் சுரண்டச் சொல்லுங்கள். நடுவில் முக்கோணமாக ரப்பர் போல இருக்கும் பகுதியின் ஓரப் பள்ளங்களில் கருப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் வந்தால் ஈரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது வராத லாயம் அபூர்வம். மருந்துக்கு முன்னால் படுக்கையை மாற்றுங்கள்.

வயிற்று வலி

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னால்தான் நகர வேண்டும், நகராவிட்டால் உயிருக்கு ஆபத்து. தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்குவது, காலால் தரையைக் கீறுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுப்பதும் எழுவதுமாக இருப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, நாளுக்கு எட்டுப் பத்து முறை போடும் லத்தி நின்றுபோவது. இதில் இரண்டு சேர்ந்தாலே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அவர் வரும்வரை தீனியை எடுத்துவிடுங்கள். ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தால், துடிப்பு 60ஐத் தாண்டினால், கல்லூரி மருத்துவமனைக்கு வண்டியைத் தயார் செய்யுங்கள். மெதுவாக நடத்தலாம், மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு சுற்றக் கூடாது. மூங்கில் குழாயில் எண்ணெயும் கசாயமும் வாயில் ஊற்றும் வைத்தியத்தைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். வலியில் இருக்கும் குதிரைக்கு அது நுரையீரலில் இறங்கும். வயிறு சரியானாலும் நிமோனியா கொன்றுவிடும்.

தானிய மூட்டையை உடைத்துத் தின்றுவிட்டது என்றால் வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "நல்லாத்தான் நிக்குது" என்று தோன்றும் அந்தச் சில மணி நேரத்தில்தான் காப்பாற்ற முடியும்; பிறகு குளம்புக்குள் அழற்சி இறங்கி வாழ்நாள் முழுக்க நொண்டும்.

வாயால் மூச்சு விடவும் குதிரைக்கு முடியாது. மேயும்போது பாம்பு மூக்கில் கொத்தினால், விஷத்துக்கு முன்னால் மூக்கு வீங்கி அடைப்பதே கொல்லும். மருத்துவர் மூக்குத் துவாரத்தில் குழாய் வைத்து வழியைத் திறந்து வைப்பார். அதனால் தாமதம் கூடாது.

வெயில், மழை, வெடி

ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டம் காலை ஏழு மணிக்குள் முடிய வேண்டும். கடலோரப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும்; ஓடி வந்த குதிரை உலர்ந்த தோலோடு வேகமாக மூச்சு வாங்கினால் உடனே தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், நிழலில் காற்று படட்டும். மழைக்குப் பின் கடிஈ பெருகும்போது விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கால் வீக்கம், தின்றும் மெலிவது இருந்தால், அந்த ஈ பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோயான சர்ராவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் குதிரையை வெளியே கட்டிப்போடாமல் அறைக்குள் அவிழ்த்துவிட்டு, நிறையக் காய்ந்த புல் போட்டு, பழகிய ஆள் ஒருவர் கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள். அன்று அவர் தன் வீட்டுப் பண்டிகையை விட்டு வருகிறார். அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

வேறு இடம் மாற்றும்போது

முன்னறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து கவனிப்பு குறைவது உண்டு. அந்த மாதம் வாரம் மூன்று முறையாவது போங்கள். கணக்கை முடித்து ரசீது வாங்கிய பிறகே வண்டியை வரச் சொல்லுங்கள்; பாக்கி இருக்கும்போது வண்டி வந்து நின்றால் குதிரை நடுவில் மாட்டிக்கொள்ளும். நோட்டு, தடுப்பூசிச் சீட்டு, பரிசோதனைச் சான்று, தராசு, தகரப் பெட்டி, நான்கு நாள் புல். பராமரித்தவரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் முதல் இரவு தண்ணீர் குடிக்காமல் நின்றால், பழைய வாளியைக் கேட்கிறதா, வெல்லம் கரைத்துக் கொடுத்தால் குடிக்குமா என்று அவருக்குத்தான் தெரியும்.